சோயா வயலை வானிலிருந்து பிரித்தறிவது எப்படி? என் வரைபடம் இரண்டு மடங்கு காட்டுகிறது

ஈரக்குடை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலம். பிஆர்-163 நெடுஞ்சாலை வடக்கே அமேசான் காட்டுக்குள் நுழையும் பகுதியில் ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 2000-க்குப் பிறகு அங்கே சோயா எப்படிப் பரவியது என்று ஆண்டு ஆண்டாகக் காட்ட வேண்டும். லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களை எடுத்து, ராண்டம் ஃபாரஸ்ட் முறையில் (மாதிரிகளைக் காட்டிப் பழக்கினால் கணினியே நிலத்தை வகை பிரிக்கும் முறை) வகைப்படுத்தினேன். (காடு போன கணக்கைப் பார்க்கக் கிடைத்த முறையின் பெயரிலும் காடு!) சோதித்துப் பார்த்ததில் துல்லியம் 95 விழுக்காடு. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பரப்பைக் கூட்டிப் பார்க்கும்வரை. வெளிவந்துள்ள வரைபடங்கள் அதே சதுரத்துக்குக் காட்டுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சோயா என் வரைபடத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு 2012-இல் திடீரென்று பாதி வயல்கள் காணாமல் போய், 2013-இல் திரும்பி வந்துவிடுகின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2000-இல் காடாக இருந்து 2019-இல் சோயாவாக இருக்கும் பிக்சல்களை எல்லாம் 'சோயாவுக்காக அழிந்த காடு' என்று எழுதலாமா?

பழையபிக்சல்:

எந்த மாதத்துப் படங்கள்?

ஈரக்குடை:

ஜூலை, ஆகஸ்ட். அப்போதுதான் மேகமே இல்லை. ஒவ்வொரு படமும் கண்ணாடிபோல் இருக்கிறது.

பழையபிக்சல்:

நோய் பிடிபட்டுவிட்டது. தம்பி, ஜூலையில் அங்கே சோயாவே கிடையாது.

மாட்டோ குரோசோவில் மழை தொடங்கியதும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள், சோயா விதைக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் அறுவடை முடிந்துவிடும். அறுவடை இயந்திரம் முன்னே போகப் போக, பின்னாலேயே மக்காச்சோளமோ பருத்தியோ விதைக்கிற வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. ஆகவே ஜூலைப் படத்தில் நீங்கள் பார்ப்பது மக்காச்சோளத் தாளடி, முற்றிய பருத்தி, காய்ந்த புல், வெறும் செம்மண். இவற்றைப் பார்த்து 'இது சோயா' என்று உங்கள் வகைப்படுத்தி (வகை பிரிக்கும் அந்த நிரல்) சொல்கிறது என்றால், அது சோயாவைக் கற்கவில்லை. பெரிய, நேர்கோட்டு எல்லை கொண்ட வறண்ட நிலம் எப்படி இருக்கும் என்று கற்றிருக்கிறது.

இது வெறும் பழக்கமும் அல்ல, சட்டமும் கூட. 2001-இல் ஆசியத் துரு நோய் பிரேசிலுக்குள் வந்தது. அந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள செடி வேண்டும். எனவே உலர் மாதங்களில் ஏறத்தாழ மூன்று மாத காலம் வயலில் ஒரு சோயாச் செடிகூடப் பச்சையாக நிற்கக் கூடாது, தானாக முளைத்ததையும் அழித்துவிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பூஞ்சைக்காகப் போட்ட விதி வரைபடக்காரருக்கும் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டது: ஆகஸ்டில் செழிப்பாகப் பச்சையாக இருக்கும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு சோயா பட்டியலிலிருந்து தள்ளிவிடலாம்.

ஒரு நாள் படத்தை வைத்துச் சோயாவைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் ஓர் ஆண்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். ஒரு பிக்சலின் பசுமைச் சுட்டெண்ணை (அங்கே செடியின் பச்சை எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் எண்) அக்டோபரிலிருந்து வரிசையாக வரைந்து பாருங்கள். முதலில் தரையோடு தரையாகக் கிடக்கும், வெறும் மண். நவம்பரில் கோடு கிடுகிடுவென்று ஏறும். டிசம்பர் கடைசியில், ஜனவரியில் உச்சி. வரிசை மூடி, இலை இலையோடு பின்னி, மண்ணே தெரியாத நேரம் அது. பிறகு இலை பழுத்து உதிர்ந்ததும் மலையிலிருந்து விழுவதுபோல் இறங்கும். இரண்டாம் போகம் உண்டென்றால் ஏப்ரல் வாக்கில் இன்னொரு மேடு. மேய்ச்சல் நிலத்தின் கோடு மழையோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். காட்டின் கோடு அசையவே அசையாது. இந்த மூன்று கோடுகளையும் ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

ஈரக்குடை:

அய்யோ. அப்படியானால் அந்த 95 விழுக்காடு?

பழையபிக்சல்:

பயிற்சிக்கு எடுத்த அதே வயல்களிலிருந்தே சோதனைப் புள்ளிகளையும் எடுத்தீர்களா?

ஈரக்குடை:

ஆமாம்.

பழையபிக்சல்:

கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்திருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் ஒன்றையொன்று பார்த்து எழுதும்.

மேகத்துக்கு நான் சொல்லும் வழி இதுதான். மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள ஒரு படக்கருவி) நாள்தோறும் பார்க்கிறது, ஆனால் அதன் நுட்பமான ஒளிப்பட்டைகளிலும் ஒரு பிக்சல் 250 மீட்டர், அதாவது ஆறேகால் ஹெக்டேர். அதற்குள் 30 மீட்டர் லேண்ட்சாட் பிக்சல்கள் கிட்டத்தட்ட 69 அடங்கும். ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் அதே இடத்துக்கு வருவது 16 நாளுக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் வந்தாலும் பாதி நேரம் மேகத்தின் முதுகைத்தான் பார்க்கும். எனவே பருவத்தின் வளைவை மோடிஸிலிருந்தும் வயலின் வரப்பை லேண்ட்சாட்டிலிருந்தும் எடுத்து இரண்டையும் கோத்துக்கொள்ளுங்கள். அங்கே வயல்கள் பிரம்மாண்டமானவை என்பதால் மோடிஸ் அதிகம் ஏமாற்றாது.

இன்னொன்று. பசுமைச் சுட்டெண்ணோடு நின்றுவிடாதீர்கள். உச்சப் பருவத்தில் சோயா, மக்காச்சோளத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத ஒளிப்பட்டைகளான அண்மை அகச்சிவப்பிலும் குற்றலை அகச்சிவப்பிலும் கூடுதலாக ஒளிரும். இரண்டு பயிரும் ஒரே பச்சையாகக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இந்தப் பட்டைகள்தான் கோள் சொல்லிக் கொடுக்கும்.

தும்பி:

பழையபிக்சல் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அத்தனையும் செய்த பிறகும் பரப்பு தவறாகத்தான் வரும் என்று எச்சரிக்க வந்தேன். பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்வதே பிழையான பழக்கம்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் சதுரத்தில் பத்து லட்சம் பிக்சல்கள். உண்மையான சோயா 5 விழுக்காடு மட்டும், அதாவது 50,000. மீதி 9,50,000 காடு, புல், இன்னபிற. வகைப்படுத்தி இரு பக்கமும் 95 விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்று வையுங்கள். சோயாவில் 47,500 பிடிபடும். சோயா அல்லாததில் 5 விழுக்காடு தவறாகச் சோயா ஆகும், அதுவும் 47,500. கூட்டினால் 95,000. இருப்பதோ 50,000.

வகைப்படுத்தி நேர்மையாகத்தான் உழைத்தது. ஆனால் அரிதான பொருளைத் தேடும்போது, பெருங்கூட்டத்தில் நடக்கும் சின்னப் பிழை அந்தப் பொருளையே மூழ்கடித்துவிடும். நீங்கள் எடுத்திருப்பது காட்டு ஓரம், சோயா இன்னும் சிறுபான்மை. இரண்டு மடங்கு வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

செய்ய வேண்டியது: வரைபடத்தை அடுக்குகளாகப் பிரித்து (நிச்சயமாகச் சோயா, சந்தேகம், நிச்சயமாக இல்லை), ஒவ்வோர் அடுக்கிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் நீங்களே கண்ணால் பார்த்து முடிவு சொல்லுங்கள். பரப்பை அந்தப் புள்ளிகளிலிருந்து மதிப்பிடுங்கள், பிழை வரம்போடு. அப்போது வரைபடத்தின் வேலை, எங்கே தேட வேண்டும் என்று காட்டுவது மட்டும்.

ஈரக்குடை:

இந்தக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 95,000. இனிமேல் யாராவது '95 விழுக்காடு துல்லியம்' என்று சொன்னால் முதலில் 'எதில்?' என்று கேட்பேன்.

மேட்டுநிலம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடுக்கு, வளைவு, குலுக்கல் என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். அமேசானில் சோயா காட்டைத் தின்கிறது என்பது ஊரறிந்த செய்தி. அதைச் சொல்ல 69 பிக்சலும் ஆறேகால் ஹெக்டேரும் எதற்கு? ஈரக்குடையின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தாராளமாக எழுதலாம். காடு இருந்தது, இப்போது சோயா இருக்கிறது. வேறு யார் அழித்தது?

பழையபிக்சல்:

மாடு.

நெல்லிக்கனி:

பழையபிக்சல் ஒரே சொல்லில் முடித்துவிட்டார், நான் கொஞ்சம் விரிக்கிறேன்.

மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு தென் அமெரிக்கா முழுவதற்கும் லேண்ட்சாட், மோடிஸ் இரண்டையும் கொண்டு ஆண்டுவாரியான சோயா வரைபடம் தயாரித்து, நேரில் போய்ப் பார்த்த மாதிரிப் புள்ளிகளால் சரிபார்த்து 2021-இல் வெளியிட்டது. 2001-இல் 2 கோடியே 64 லட்சம் ஹெக்டேராக இருந்த சோயா, 2019-இல் 5 கோடியே 51 லட்சம் ஹெக்டேர் ஆகியிருந்தது. பிரேசிலின் அமேசான் பகுதியில் மட்டும் 4 லட்சத்திலிருந்து 46 லட்சம் ஹெக்டேர், பத்து மடங்குக்கும் மேல். இதுவரை மேட்டுநிலம் சொல்வதற்குச் சாதகம்தான்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கண்டத்தில் அழிந்த காட்டில், 2016-க்குள் சோயாவாக மாறியது 9 விழுக்காடு. சோயா விரிவாக்கத்தின் பெரும்பகுதி, முன்னரே மாட்டுக்காக அழித்து மேய்ச்சலாக்கிய நிலத்தில் நடந்திருக்கிறது. சோயாவே நேராகக் காட்டை விழுங்கியது குறிப்பிட்ட சில முனைகளில். அதிலும் ஏறத்தாழ பாதி அமேசானில் நடக்கவில்லை, பிரேசிலின் புல்வெளியும் சிறுமரமும் கலந்த செராடோ பகுதியில் நடந்தது.

மேட்டுநிலம்:

ஒப்புக்கொள்கிறேன், பாதி. மாடு மேய்ந்தது உண்மை. ஆனால் அது மேயப் போன மாடா, சோயாவுக்கு இடம் பிடித்துக் கொடுக்கப் போன மாடா? சோயாக்காரர் மேய்ச்சல் நிலத்தை நல்ல விலைக்கு வாங்குகிறார். விற்றவர் அந்தப் பணத்தோடு இன்னும் உள்ளே போய்க் காட்டை வெட்டுகிறார். உங்கள் பிக்சலில் இது தெரியுமா?

பழையபிக்சல்:

தெரியாது. நல்ல கேள்வி. பிக்சல் நிலத்தின் மேலிருப்பதைச் சொல்லும், பத்திரத்தில் இருப்பதைச் சொல்லாது. அதனால்தான் 'சோயாவுக்காக' என்ற அந்தச் சொல்லில் நான் தயங்குகிறேன். 'காடு அழிந்து இத்தனை ஆண்டுக்குள் சோயா வந்தது' என்று எழுதினால் அது அளவீடு. 'சோயாவுக்காக அழிந்தது' என்று எழுதினால் அது வழக்கு. வழக்குப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குச் சாட்சி வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த 'இத்தனை ஆண்டு' தான் கதையின் நடுமுள். 2006-இல் மாட்டோ குரோசோவைப் பற்றி மோடிஸ் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 2001 முதல் 2004 வரை 5,40,000 ஹெக்டேருக்கு மேல் காடு நேரடியாகப் பயிர்நிலம் ஆகியிருந்தது. 2003-இல் அழிந்த காட்டில் 23 விழுக்காடு அப்படி. பயிருக்காக வெட்டிய துண்டுகள் மேய்ச்சலுக்காக வெட்டியவற்றைப்போலச் சராசரியில் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியவை. படத்தில் பார்த்தாலே தெரியும்: மேய்ச்சலுக்கு வெட்டிய இடத்தில் அங்கங்கே மரங்களும் விழுந்த அடிமரங்களும் கிடக்கும், மாட்டுக்கு அவை தடையில்லை. இயந்திரம் ஓட வேண்டிய இடத்தில் வேரைப் பிடுங்கி, நீள நீளமாகக் குவித்து, எரித்து, மறுபடி குவித்து எரித்திருப்பார்கள். உலர்காலப் படத்தில் சீப்பால் வாரியதுபோல் இணைகோடுகள் தெரியும். உங்கள் ஜூலைப் படங்களைத் தூக்கி எறியாதீர்கள், இதற்கு அவைதான் வேண்டும். இன்னொரு கண்ணி: புதிதாகத் திருத்திய நிலத்தில் முதல் ஒன்றிரண்டு ஆண்டு நெல் போடுவது அங்கே வழக்கமாக இருந்தது. நெல்லைப் பார்த்துவிட்டு 'இது சோயா அல்ல' என்று அந்த நிலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

நெல்லிக்கனி:

அதே 2006 ஜூலையில்தான் சோயா தடை ஒப்பந்தமும் வந்தது. அமேசானில் புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. கெடு நாள் பிற்பாடு 2008 ஜூலைக்கு மாற்றப்பட்டது. கண்காணிப்புக்கு அடிப்படை செயற்கைக்கோள்தான். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே 1988 முதல் நடத்திவரும் புரோடெஸ் திட்டத்தின் காடழிப்பு வரைபடத்தை எடுத்து, அதன்மேல் சோயா இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒப்பந்தத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அமேசானில் சோயா விரிவாக்கத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு காட்டை அழித்து நடந்தது. 2014-இல் அது சுமார் 1 விழுக்காடு.

மேட்டுநிலம்:

1 விழுக்காடு! ஏனென்றால் எஞ்சியது மேய்ச்சல் நிலத்தின் வழியாகச் சுற்றி வந்தது. நான் சொன்னதும் அதுதானே.

நெல்லிக்கனி:

சுற்றி வந்ததும் உண்டு, முன்பே திருத்திக் கிடந்த நிலம் ஏராளமாக இருந்ததும் உண்டு. இரண்டையும் பிரிக்க, காடு போன ஆண்டு வேண்டும். நாம் இங்கே 69 பிக்சல் பேசிக்கொண்டிருப்பது அதற்காகத்தான், நண்பரே.

மேட்டுநிலம்:

சரி, அந்த இடத்தில் தோற்றேன். செராடோவில் ஏன் இப்படி ஒரு கண்காணிப்பு இல்லை?

தும்பி:

அரசியல் காரணம் ஒன்று, கண் காரணம் ஒன்று.

முதலாவது எளிது. தடை ஒப்பந்தம் அமேசான் உயிரின வட்டாரத்துக்கு மட்டும்தான் போடப்பட்டது. பிரேசிலின் வனச் சட்டப்படி அமேசான் காட்டில் நில உரிமையாளர் 80 விழுக்காட்டை இயற்கையாக விட்டுவைக்க வேண்டும். செராடோவில், அரசு நிர்வாகத்துக்காக வரைந்த 'சட்டரீதியான அமேசான்' எல்லைக்குள் 35 விழுக்காடு, வெளியே 20 விழுக்காடுதான். எனவே மரண்யாவ், டோகன்டின்ஸ், பியாவி, பாஹியா ஆகிய நான்கு மாநிலங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து மாட்டோபிபா என்று அழைக்கிறார்களே, அந்தப் பகுதியில் அழிப்பில் பெரும்பகுதிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் உரிமம் உள்ள அழிப்பும் உரிமம் இல்லாத அழிப்பும் ஒரே நிறம்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, என் தூக்கத்தைக் கெடுப்பதும் கூட. அமேசானில் மரம் விழுந்தால் பளிச்சென்று தெரியும். செராடோ அப்படியல்ல. புல்வெளி, புதர், முறுக்கிய சிறுமரம், ஆற்றோரக் காடு எல்லாம் கலந்த நிலம். உலர்காலத்தில் அது தானாகவே பழுப்பாகிவிடும், இயற்கையாகத் தீயும் பற்றும். ஆகஸ்டுப் படத்தில் காய்ந்த இயற்கைப் புல்வெளியும் காய்ந்த மேய்ச்சல் நிலமும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். எரிந்த கருப்பைப் பார்த்து 'அழிந்தது' என்று குறித்தால், முதல் மழைக்குப் பிறகு அது துளிர்த்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே அங்கே ஓர் ஆண்டை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பார்த்த பிறகே தீர்ப்பு.

வேடிக்கை என்னவென்றால், செராடோவில் சோயாவைக் கண்டுபிடிப்பது சுலபம், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று சொல்வதுதான் கடினம்.

கூழாங்கல்:

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பொலிவியாவில் சாந்தா குரூஸ் நகருக்குக் கிழக்கே பாருங்கள். காட்டின் நடுவே வண்டிச் சக்கரங்களை வரிசையாகக் கிடத்தியதுபோல் இருக்கும். குடியேற்றத் திட்டத்தில் நடுவில் ஊர், அதைச் சுற்றி ஆரக்கால்களாக வயல்கள். அதையடுத்து நீண்ட செவ்வகங்கள், இடையிடையே காற்றைத் தடுக்க விட்ட மரக்கோடுகள். நான் செயற்கைக்கோள் படம் பார்க்கத் தொடங்கியதே அதைப் பார்த்துத்தான். அழகாக இருக்கிறது என்று முதலில் தோன்றியதற்கு இன்றும் எனக்குச் சற்றே கூச்சம்.

தும்பி:

சம்பந்தம் உண்டு. அந்த மரக்கோடுகள் லேண்ட்சாட்டில் ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான். வகைப்படுத்தி சில ஆண்டு அவற்றைக் காடு என்கிறது, சில ஆண்டு சோயா என்கிறது. ஆண்டுக்கு ஆண்டு காடு அழிந்து முளைப்பதுபோல் கணக்கு ஆடும். ஓரப் பிக்சல்களைத் தனி அடுக்காக வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஈரக்குடை:

2012 பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழையபிக்சல்:

மறந்துவிட்டேன். அது உங்கள் தவறு அல்ல. லேண்ட்சாட்-5 1984-இலிருந்து உழைத்த கிழவர். அதன் படக்கருவி 2011 நவம்பரில் நின்றுபோனது. லேண்ட்சாட்-8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரியில். இடையில் கையில் இருந்தது லேண்ட்சாட்-7 மட்டும். அதற்கோ 2003 மே மாதக் கடைசியில் கோடு திருத்தும் கருவி பழுதாகிவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கறுப்புக் கீற்றுகளாகக் காணாமல் போனது. உங்கள் 2012 ஜூலை, ஆகஸ்ட் படங்களில் மேகம் இல்லாவிட்டாலும் இந்தக் கீற்றுகள் வயல்களை விழுங்கியிருக்க வேண்டும். விவசாயி எங்கும் போகவில்லை.

அந்த ஓர் ஆண்டுக்கு மோடிஸை மட்டும் நம்புங்கள், அல்லது 2011-ஐயும் 2013-ஐயும் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். 2015-க்குப் பிறகு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இருக்கிறது; 10 மீட்டர், 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோளும் சேர்ந்த பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை. மேகம் ஒழியவே ஒழியாத இடத்துக்கு சென்டினல்-1 ராடார், அது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் பழைய ஆண்டுகளுக்கு இவை எதுவும் உதவாது. கடந்த காலத்துக்கு நமக்கு வாய்த்தது கீற்று விழுந்த கண்தான்.

மேட்டுநிலம்:

ஈரக்குடை, உங்கள் அட்டவணையில் மேய்ச்சலாக இருந்த ஆண்டுகளுக்கும் ஒரு பத்தி வையுங்கள். அதைக் கூட்டிக்காட்டினால்தான் என் கேள்வி பிழைத்திருக்கும். மற்றபடி உங்கள் பிக்சல்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஈரக்குடை:

வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் திரும்பி வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். அக்டோபர் முதல் மார்ச் வரை வளைவு, மூன்று அடுக்கு, குலுக்கிய புள்ளிகள். இன்னும் பாதிகூட முடியவில்லை, பரப்பு பிறகுதான் சொல்வேன். ஆனால் முதல் புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பழைய வரைபடத்தில் அது 'காட்டிலிருந்து சோயா', சிவப்பு நிறம்.

2000 முதல் 2003 வரை அசையாத கோடு, காடு. 2004 ஆகஸ்டில் செம்மண்ணும் சாம்பலும். சீப்பு வாரிய கோடுகளைத் தேடினேன், இல்லை. ஒற்றை மரங்கள் அங்கங்கே நின்றன. 2005-இலிருந்து மழையோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் புல். ஆறு ஆண்டு அப்படியே. 2010 உலர்காலத்தில் அந்த ஒற்றை மரங்களும் போய், இப்போது சீப்புக் கோடுகள். 2011 ஜனவரியில் பழையபிக்சல் வரையச் சொன்ன அதே உச்சி.

அட்டவணையில் இப்படி எழுதியிருக்கிறேன்: காடு போனது 2004. புல் ஆறு ஆண்டு. சோயா வந்தது 2011. 2012-க்கு நேரே கேள்விக்குறி.

மேட்டுநிலம்:

அந்த ஆறு ஆண்டும் நிலம் யார் பெயரில் இருந்தது?

பழையபிக்சல்:

அதற்கு வேறு அலுவலகம்.